அதிகாரமில்லாத துரை

யுத்த காலத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ச் சொல்வது. இப்படியும் ஓர் உத்தியோகம் இருந்ததா என்று இப்போது கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். இருந்தது. யுத்தப் பிரசாரத்துக்கென்று ஒரு வேன், ஒலிபெருக்கி, கிராமபோன், ஒரு டிரைவர், பி.ஏ. படித்துவிட்டுச் சும்மா இருந்த நான். நம் பக்கம் நின்று சண்டை போடும் இரண்டு பெரிய தேசங்களிலும் ஜனங்கள் வைத்ததுதான் சட்டம், எதிராளியின் தேசங்களில் ஒரே மனிதன் வைத்ததுதான் சட்டம், ஆகவே எல்லோரும் யுத்தத்துக்கு ஒத்தாசை செய்யவேண்டும். நான் சொல்லவேண்டிய சாரம் இவ்வளவுதான். சொன்னேன். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னேன்.

கையோடு ஒரு படம் கொடுத்திருந்தார்கள். வேட்டி அகலத் துணியில் அச்சடித்தது. இடது பக்கம் இங்கிலாந்து, வலது பக்கம் அமெரிக்கா. இரண்டு பக்கமும் மூன்று மூன்று கட்டடங்கள்: சட்டம் செய்கிற இடம், ஆட்சி நடத்துகிற இடம், நியாயம் சொல்கிற இடம். வேனின் பக்கவாட்டில் அதைத் தொங்கவிட்டு, ஒரு மூங்கில் கழியால் தொட்டுத் தொட்டுக் காட்டவேண்டும். காற்றடித்தால் பார்லிமெண்ட் சுருண்டு கோர்ட்டின் மேல் விழுந்துவிடும்.

ஆரம்பத்தில் எனக்கு இதில் உற்சாகம் இருந்தது. காலேஜில் படித்ததையெல்லாம் சமையல்கட்டுப் பாஷையில் மாற்றி வைத்திருந்தேன். இங்கிலாந்து கூட்டுக் குடும்பம் மாதிரி என்பேன். சமைக்கிறவர்களும் சாமான் அறைச் சாவி வைத்திருப்பவர்களும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். மந்திரிகள் பார்லிமெண்டிலிருந்தே வருகிறார்கள். அங்கேயே உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். சபைக்குப் பிடிக்காவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். ராஜாவுக்கு முதல் இலை உண்டு, ஆனால் அவர் சமையலில் தலையிடமாட்டார். அமெரிக்காவில் தனித்தனி அடுப்பு. அங்கே ஜனாதிபதி சபையில் அங்கத்தினர் இல்லை. சபைக்குக் கோபம் வந்தது என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. சபை செய்த சட்டத்துக்கு அவர் கையெழுத்துப் போட மறுக்கலாம். சபையில் மூன்றில் இரண்டு பங்குபேர் சேர்ந்துகொண்டால் அவர் மறுப்பையும் மீறலாம். இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த சட்டத்தையே செல்லாது என்று சொல்ல அங்கே கோர்ட்டுக்கு உரிமை உண்டு. இங்கிலாந்துக் கோர்ட்டுக்கு அது இல்லை, பார்லிமெண்ட் சொன்னால் முடிந்தது. ஆனால் இரண்டு தேசத்திலும், உன் நிலத்தைப் பிடுங்குகிறவனும் உன் வழக்கைக் கேட்கிறவனும் ஒரே ஆளாக இருக்கமாட்டான்.

கடைசி வாக்கியத்துக்குத்தான் ஜனங்கள் தலையாட்டுவார்கள். அதனால் அதை அழுத்திச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

இந்தியாவைப் பற்றி யாராவது கேட்டால் யுத்தம் முடிந்ததும் எல்லாம் யோசிக்கப்படும் என்று மட்டும் சொல்லவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதையும் சொன்னேன். ஒரு வருஷம் போவதற்குள் எனக்கு என் குரலே பிடிக்காமல் போய்விட்டது. காலையில் முகம் கழுவும்போதே சாயங்காலம் பேசப்போகிற பேச்சு காதில் ஓட ஆரம்பித்துவிடும்.

வேன் டிரைவர் மட்டும் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. மெட்ராஸ் ஆள், சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்தவன். ஒருநாள் குமணன்சாவடியில் கூட்டம் கலைந்த பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "இன்னா சார், அந்த ரெண்டு ஊர்லயும் மூணு பேர் வேலைய மூணு பேர் பாக்கறான். நம்ம ஊர்ல தாசில்தாரு ஒருத்தரே மூணு பேர் வேலையும் பாத்துகினு கீறாரு. இதுல யார் சார் கெட்டிக்காரன்?"

சிரித்தேன். மேலிடத்துக்கு எழுதும் ரிப்போர்ட்டில் 'ஜனங்கள் ஆர்வத்துடன் கேட்டார்கள்' என்று எழுதினேன்.

அந்த மார்கழி ஆரம்பத்தில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமத்துக்குப் போனோம். பக்கத்தில் பட்டாளத்து முகாம் வளர்ந்துகொண்டே வந்த காலம். அதை இன்னும் விஸ்தரிக்க அந்த ஊர் நஞ்சையில் ஒரு பகுதியைப் பத்து நாளில் எடுத்துக்கொள்வதாக உத்தரவு வந்திருந்தது. நாங்கள் போனபோதே வயல்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சுற்றிலும் சம்பாப் பயிர், கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற பருவம். நெல்லாக இன்னும் ஒரு மாதம் வேண்டும்.

களத்து மேட்டில் வேனை நிறுத்திப் படத்தைத் தொங்கவிட்டுப் பேசினேன். வழக்கமான இடத்தில் அழுத்தினேன். யாரும் தலையாட்டவில்லை. ஒருவர் எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஐயா, நீங்க சொல்றது மெய்தானா? அமெரிக்காவுல எடுக்கறவன் வேற, கேக்கறவன் வேறயா?"

மெய்தான் என்றேன்.

"நெலத்த கொடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. சண்டைக்கு வோணும்னா எடுத்துக்கட்டும். ஒரு மாசம் உட்டா அறுத்துக்கினு போயிடுவேன். அத தாசில்தாராண்ட சொன்னேன். 'உன் ஆட்சேபணைய கேக்கறது நான்தான், கேட்டாச்சி, போ'ன்னுட்டாரு. வயல்லயே நின்னா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். மேஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்துவோம்னாரு. அந்த மேஜிஸ்திரேட்டும் அவரேதான். இப்ப நான் எங்க போறது?"

யுத்தம் முடிந்ததும் எல்லாம் யோசிக்கப்படும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். டிரைவர் நல்லவேளையாகக் கிராமபோனைப் போட்டான்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் அப்போது மேனாம்பேட்டில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் முந்தின நாள் கேள்வி கேட்டவர் வாசலில் நின்றார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் ஓர் எலுமிச்சம்பழம். அந்த நாளில் பெரிய உத்தியோகஸ்தரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஒரு பழத்தை நீட்டுவார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டால் நம் வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்வார் என்று அர்த்தம். பழம் எனக்குத்தான் என்று கை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இல்லீங்க ஐயா. முகாமுல பெரிய பெரிய மெசினு வெச்சிகினு கொஞ்சம் பேரு வந்து கீறாங்களே, அவங்க அமெரிக்காக்காரங்கதான?"

ஆமாம் என்றேன். அங்கே ஒரு சிறு அமெரிக்கப் படைப்பிரிவு கொஞ்ச நாளாக இருந்தது.

"அவங்க துரையாண்ட என்னை இட்டுக்கினு போங்க. எனக்கு அவரு பாஷை தெரியாது. நீங்க எடுத்துச் சொன்னா அவரு நியாயம் சொல்லுவாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். வாசற்படியில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். அமெரிக்காவில் கோர்ட்டு தனி என்றால் அது அமெரிக்காவுக்கு. இங்கே வந்திருப்பவர் ஒரு ராணுவ அதிகாரி. அவர் ஜட்ஜ் இல்லை. இந்த ஊர் நிலத்தைப் பற்றிப் பேச அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"அதையேதான் நானும் சொல்றேன். எடுக்கறது இங்கிலீஷ்காரங்க. இவரு அவங்க ஆளு இல்ல, அவங்க சம்பளம் வாங்கல. இவருக்கு இங்க அதிகாரம் இல்ல. அதிகாரம் இல்லாதவன்தான நியாயம் சொல்லணும்னு நேத்து அந்தக் கழிய வெச்சிக்கினு தட்டித் தட்டிச் சொன்னீங்க?"

காலேஜில் என்னோடு படித்தவர்கள் ஒருவரும் இவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பைச் செய்ததில்லை. என் பேச்சில் இரண்டு கட்டமாக இருந்த இரண்டு தேசங்களையும் சேர்த்து அவர் ஒரே அரசாங்கமாக ஆக்கிவிட்டார். ஆட்சி இங்கிலாந்து, கோர்ட்டு அமெரிக்கா. மறுத்துப் பேசப் பேச அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. எனக்கோ காலை காப்பிகூட இறங்கவில்லை. சரி, வாருங்கள் என்றேன். போய்ப் பார்த்தால் தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

பிரசார வேனில் போனதால் முகாம் வாசலில் தடுக்கவில்லை. அமெரிக்க அதிகாரி ஒரு கூடாரத்துக்குள் இருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. எங்களுக்கு இரண்டு நாற்காலி போடச் சொன்னார். என்னோடு வந்தவர் உட்காரவில்லை, நின்றபடியே இரண்டு கையாலும் பழத்தை நீட்டினார். அதிகாரி எழுந்து, அதே மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூக்குக்குக் கிட்டே வைத்து மோந்து பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து இரண்டாக நறுக்கித் தண்ணீர் டம்ளரில் பிழிந்து எங்கள் எதிரிலேயே குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். தாசில்தாரும் கலெக்டரும் பழத்தை வாங்கி மேஜைமேல் வைப்பதைத்தான் என்னோடு வந்தவர் பார்த்திருக்கிறார். குடித்துக் காட்டிய துரையை அன்றைக்குத்தான் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அந்த இளைஞர் அவசரப்படாமல் கேட்டார். பயிர் எந்த நிலையில் இருக்கிறது, அறுக்க எவ்வளவு நாளாகும், ஏற்கெனவே தண்ணீர் வடித்தாயிற்றா என்றெல்லாம் விசாரித்தார். தன் அப்பாவும் விவசாயிதான், சோளம் போடுகிறவர் என்றார். தன்னைக் கேட்டால் ஒரு மாதம் பொறுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் தான் இங்கே விருந்தாளி, தனக்கு இதில் எந்தச் சொல்லும் கிடையாது, மேலே இருந்து வரும் உத்தரவுப்படி நடப்பதுதான் தன் வேலை என்றார்.

அவர் நினைப்பது, அவரால் முடியாதது என்று இரண்டு பாதியையும் தமிழில் சொன்னேன். வேனில் திரும்பும்போது இன்னொரு தரம் சொன்னேன். டிரைவரும் தன் பங்குக்குச் சொன்னான்.

"நைனா, அவரால ஒண்ணியும் ஆவாது. அதத்தான் சார் சொல்றாரு."

"கேட்டுக்கினேன்பா. நியாயம் இன்னான்னு சொல்ட்டாரு. அப்பால அத நடத்தறது அவரு வேலை இல்ல, வேற ஆளு வேலை. அதானங்க ஐயா அந்தப் படம்?"

படம் அதுதான்.

அவர் ஊருக்குப் போய், அமெரிக்கத் துரை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அந்தத் தீர்ப்பை நம்பவில்லை. இருக்கிற நாளுக்குள் பச்சைப் பயிரை அறுத்து மாட்டுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மட்டும் அறுக்கவில்லை. தினமும் போய்த் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அந்தப் பக்கம் போய்வந்து இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், அதனால் இரண்டு நாள் சாப்பாட்டுக் கிளப்பில் பரிமாறுகிறவனோடு சண்டை பிடித்தேன்.

பிறகு நானே தாசில்தாரைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. ரேஷன், மண்ணெண்ணெய், பட்டாளத்துக்கு மாட்டு வண்டி பிடித்துக் கொடுப்பது என்று எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்த காலம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒருவருடைய பயிருக்கு ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உன் பிரசங்கத்த நானும் ஒருதரம் கேட்டேன்ப்பா. நல்லாத்தான் பேசறே. அந்தப் படத்துல நான் எந்தக் கட்டடத்துல இருக்கேன், சொல்லு பார்ப்போம்."

"மூணுலயும் இருக்கீங்க சார்."

"மூணுலயும் இருக்கறவனுக்கு ஒண்ணுலயும் அதிகாரம் இல்லப்பா. உத்தரவு மேலேருந்து வருது. நான் அதை எழுதறேன், நடத்தறேன், யாராவது அழுதா அந்த அழுகையையும் நானே கேட்கறேன். நாள் குறிச்சாச்சு. அந்த ஆளை அறுத்துக்கச் சொல்லு."

சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக அந்த ஊருக்குப் போய்ச் சொன்னேன். அவர் வயலில் முழங்கால் சேற்றில் நின்றபடி கேட்டுக்கொண்டார். வெயில் பட்டு உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. அறுத்துவிடுங்கள், மாட்டுக்காவது ஆகட்டும் என்று கெஞ்சினேன்.

"தாசில்தாரு அப்பிடித்தான் சொல்லுவாரு. அவரு எடுக்கற ஆளு" என்றார்.

குறித்த நாளன்று காலையில் நானும் டிரைவரும் போனோம். எங்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை. ஊர் ஜனங்கள் வரப்பில் நின்றார்கள். சுற்றிலும் அறுத்த தாள், நடுவில் அவர் வயல் மட்டும் இன்னும் பச்சை மாறாமல் நின்றது. தாசில்தார் வந்திருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள். தூரத்தில் சத்தம் கேட்டது. மண் தள்ளுகிற யந்திரம் ஒன்று, முன்னால் இரும்புப் பலகையோடு, பனை மரங்களுக்கு நடுவே வந்தது. அந்த மாதிரி யந்திரம் அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு பிரிவிடம்தான் இருந்தது. எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

யந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர் மூக்கு உரிந்த அந்த இளைஞர்.

அவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். வயலைப் பார்த்தார். கையைத் தூக்கி யந்திரத்தை நிறுத்தினார். தொப்பியை எடுத்துவிட்டு என்னிடம் வந்து, தனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று வயல்காரரிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். உத்தரவு நேற்றுத்தான் வந்தது, எந்த வயல் என்று தனக்குத் தெரியாது என்றார். அவர்கள் கொஞ்சம் அறுத்துக்கொள்ளும்வரை யந்திரத்தை நிறுத்தி வைக்கத் தன்னால் முடியும், அதற்குமேல் முடியாது என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை.

நான் தமிழில் சொன்னேன். வயல்காரர் நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. அந்த இளைஞரையும், அவருக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நின்ற இரும்பையும், கொஞ்சம் தள்ளிக் குடைக்குக் கீழே நின்ற தாசில்தாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"அப்ப அங்கயும் ஒரே ஆளுதானா ஐயா?"

இல்லை என்று சொல்லவேண்டும். புத்தகத்தில் இருப்பது அதுதான். நான் படித்ததும் அதுதான், இன்றைக்கும் அது தப்பில்லை. ஆனால் அந்த வரப்பில் நின்றுகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

அவர் என் பதிலுக்காக நிற்கவில்லை. வீட்டாரைக் கூப்பிட்டார். அவர் மனைவியும் இரண்டு மருமகள்களும் அரிவாளோடு இறங்கினார்கள். டிரைவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்களோடு இறங்கினான். நானும் இறங்கினேன். எனக்கு அறுக்கத் தெரியாது, அதனால் அவர்கள் அறுத்ததை அள்ளி வரப்பில் போட்டேன். கதிரை நசுக்கினால் விரலில் பால் ஒட்டியது. பாதி வயல் அறுப்பதற்குள் யந்திரம் மறுபடி கிளம்பிவிட்டது.